தங்க நிறத்தில் தொடங்கு

திண்டிவனம்
ஆனி மாதக் கடைசி

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. நீ அனுப்பிய லிஸ்டைப் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டு பேனாவும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும். கடிதம் என்றால் வாணம் விடும் இடத்துக்குப் போகும்போது சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

புத்துவாயம்மன் ஆடித் திருவிழாவுக்கு நம் தெருப் பிள்ளைகள் நடத்தும் வாணவேடிக்கையை இந்த வருஷம் உன்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள் என்று அக்கா சொன்னதிலிருந்து எனக்கு இதே நினைப்புதான். பந்தலுக்கும் மைக்செட்டுக்கும் கூழ் ஊற்றுவதற்கும் ஆள் முந்திக்கொண்டு வருவார்கள். வாணத்தை யோசித்து விடுவதற்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. வசூலான பணத்துக்குக் கடைக்காரர் கட்டிக் கொடுத்ததை வாங்கி வந்து, பெட்டி எந்த வரிசையில் கைக்கு வருகிறதோ அதே வரிசையில் கொளுத்திவிட்டுப் போகிறார்கள். நீயோ, எந்த நிறத்துக்குப் பின்னால் எந்த நிறம் வந்தால் எடுபடும் என்று கேட்டிருக்கிறாய். வேதியியல் வாத்தியாராகவே காலத்தைக் கழித்த எனக்கு இதைவிடப் பிடித்த கேள்வி கிடையாது.

உன் லிஸ்டில் முதலில் நிற்பது 240 ஷாட் மல்டிகலர். அதற்கு இரண்டு பக்கமும் 120 ஷாட் கிராக்ளிங். மூன்றையும் ஒரே நேரத்தில் பற்றவைப்பதாக அம்புக்குறி போட்டிருக்கிறாய். முதல் நொடியிலேயே ஜனங்கள் அசந்துபோக வேண்டும் என்ற ஆசை புரிகிறது. ஆனால் சாயத்தைக் கலப்பது வேறு, வெளிச்சத்தைக் கலப்பது வேறு. சிவப்பு, பச்சை, நீலம் மூன்று வெளிச்சமும் ஒரே இடத்தில் விழுந்தால் கண்ணுக்கு வெள்ளைதான் தெரியும். வானத்தின் ஒரு மூலையில் எல்லா நிறத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக வெடித்தால், கொஞ்ச தூரத்தில் நிற்பவர்களுக்கு வெளிறிய ஒரு பளபளப்புதான் மிஞ்சும். அதற்குள் புகை மூடிவிடும். அதற்குப் பிறகு நீ விடும் நல்ல வாணம் எல்லாம் அந்தப் புகைக்குப் பின்னால் போய் வெடிக்கும். நான் சொல்ல வருவது இதுதான்: ஒவ்வொரு நிறத்துக்கும் உரிய இருட்டையும் நேரத்தையும் கொடு. அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் இனி எழுதப்போகிறேன்.

தங்க நிறத்தில் தொடங்கு. வாணத்தின் ஆதி நிறம் அதுதான். 1443-இல் பாரசீகத் தூதர் அப்துர் ரசாக் விஜயநகரத்துக்கு வந்து மகாநவமி விழாவைப் பார்த்தார். அங்கே விட்ட வாணவேடிக்கைகளைச் சொல்லப் புகுந்தால் முடியாது என்கிற அளவுக்கு வியந்து எழுதிவைத்தார். அவர் பார்த்த வானத்தில் இன்றைக்கு நீ லிஸ்ட் போட்டிருக்கும் அடர் சிவப்பும் நீலமும் இருந்திருக்க வழியில்லை. பிரான்சில் பெர்தொலே என்ற வேதியியலாளர் பொட்டாசியம் குளோரேட்டைத் தயாரித்தது 1780-களில். அந்த உப்பு வந்த பிறகு, 19-ஆம் நூற்றாண்டில்தான் வாணத்துக்கு அடர்ந்த நிறங்கள் கைகூடின. அதுவரைக்கும் வெடியுப்பு, கந்தகம், கரி, இரும்புத்தூள் இவ்வளவுதான். சுக்கிரநீதி என்ற பழைய நூல் வெடிமருந்துக்கு எருக்கங்கரியையும் கள்ளிக்கரியையும் சொல்கிறது. இரண்டும் நம் ஊர் வேலியோரத்தில் நிற்கிற செடிகள். அந்தக் கரியும் இரும்பும் கொடுத்த பொன்னைத்தான் நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாக அண்ணாந்து பார்த்தார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை நீ நன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். வாணத்தில் வருகிற வெளிச்சம் இரண்டு வகை. ஒன்று தணல். கொல்லன் உலையில் இரும்பு சூடேற ஏறச் செம்மையாகி, பொன்னாகி, கடைசியில் வெளுக்கிறதே, அதே கதைதான் வானத்திலும். கரித்துகளும் இரும்புத்துகளும் மிதமான சூட்டில் பொன்னாகத் தணிந்து எரியும். டைட்டானியம், அலுமினியம், மெக்னீசியம் இவை உச்ச சூட்டில் வெள்ளியாக எரியும். இன்னொரு வகை சுடர். உலோக உப்பு ஆவியாகித் தனக்கென்று உள்ள நிறத்தை வீசும். ஸ்ட்ரான்சியம் சிவப்பு, கால்சியம் ஆரஞ்சு, சோடியம் மஞ்சள், பேரியம் பச்சை, தாமிரம் நீலம். தணல் வெளிச்சம் நீண்ட நேரம் நின்று, வாலாக இழுத்துக்கொண்டு விழும். சுடர் வெளிச்சம் புள்ளியாக நின்று சட்டென்று அணையும். நிறங்களைச் சேர்ப்பது என்று நீ கேட்டாயே, முதலில் சேர்க்க வேண்டியது இந்த இரண்டையும்தான். வாலுக்குத் தணல், நுனிக்குச் சுடர். பொன் வால் இழுத்துப் போய் நுனியில் சிவப்பாக மலர்கிற ஷாட் ஒன்று உன் லிஸ்டில் நடுவில் எங்கோ புதைந்து கிடக்கிறது. அதை முன்னுக்குக் கொண்டு வா.

தங்க வில்லோ என்று பெட்டியில் போட்டிருப்பதை ஒரு முறை தனியாக விட்டுப் பார். வெடித்த நொடியில் அது வெறும் உருண்டை. எல்லா ரகமும் அப்படித்தான் தொடங்கும். மற்றது எல்லாம் அணைந்துபோகிற நேரத்தில் இது அப்போதுதான் ஆரம்பிக்கும். கதிர்களின் வேகம் தணிந்து, நுனிகள் ஒவ்வொன்றாக வளைந்து, கீழ்நோக்கி இழை இழையாக இறங்கும். இறங்க இறங்க மஞ்சள் மங்கிச் செம்பொன்னாகும். பனைமர உயரத்துக்கு வருவதற்குள் இழை அறுந்து புள்ளிகளாகும். அந்த நேரத்தில் கூட்டத்தைக் கவனி. விசில் அடித்துக்கொண்டிருந்த பையன்கூட வாயை மூடிக்கொண்டு பார்ப்பான். அடுத்ததைக் கொளுத்தக் கை பரபரக்கும், பொறுத்துக்கொள். கடைசிப் புள்ளி அணைந்த பிறகு மனசுக்குள் பத்து எண்ணு. அந்தப் பத்தும் வீண் நேரம் கிடையாது. ஜனங்களுடைய கண் இருட்டுக்குத் திரும்புகிற நேரம் அது.

கண்ணைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீலத்தைப் பற்றி எழுதப்போகிறேன். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்த கண் முழுதாகப் பழக அரை மணி நேரம் வரை ஆகும். ஒரே ஒரு வெள்ளை மின்னல் அடித்தால் அந்தப் பழக்கம் போய்விடும். நிறங்களிலேயே மங்கலானது நீலம். தாமிர உப்பு குளோரினோடு சேர்ந்த நிலையில்தான் நல்ல நீலம் தரும். சூடு அதிகமானால் அந்தச் சேர்மம் சிதைந்து நீலம் வெளிறிவிடும். சூட்டைக் குறைத்தாலோ வெளிச்சமே குறைந்துவிடும். அதனால்தான் உலகம் முழுவதும் வாணம் செய்கிறவர்கள் நல்ல நீலம் செய்தவனைத் தனியாக மதிக்கிறார்கள். அப்படிப்பட்ட நீலத்தை நீ வெள்ளி மினுக்கல் ஷாட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாய். வெள்ளியின் கண்கூச்சத்தில் நீலம் இருந்த இடமே தெரியாது. நீலத்தைத் தொடக்கத்திலேயே, புகை சேருவதற்கு முன், வானம் கருப்பாக இருக்கும்போது தனியாக விடு. தங்க வில்லோ அணைந்து, பத்து எண்ணி, நீலம். இந்த ஒரு வரிசைக்காகவே நான் பஸ் ஏறி வருவேன்.

நீ ப்ளஸ் டூவில் சுடர் சோதனை செய்திருப்பாய். உப்பை அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் குழைத்துப் பிறகு சுடரில் காட்டச் சொல்வோம். ஏன் அமிலம் என்று வகுப்பில் யாரும் கேட்க மாட்டார்கள். குளோரைடாக மாறினால்தான் உலோகம் எளிதில் ஆவியாகி நிறத்தைக் காட்டும். வாணத்திலும் அதே வேலைக்காகத்தான் குளோரின் தருகிற பொருளைச் சேர்க்கிறார்கள், பி.வி.சி. தூள்கூட அதற்குப் பயன்படுகிறது. இன்னொன்றும் அதே ஆய்வகத்தில் கண்ணுக்கு நேரே பார்த்தது. வியர்த்த விரலால் கம்பியைத் தொட்டுவிட்டு ஸ்ட்ரான்சியத்தைச் சுடரில் காட்டுவான் ஒருவன். சிவப்புக்குப் பதில் பளீரென்று மஞ்சள் வரும். விரல் வியர்வையில் இருக்கிற உப்பு போதும், மற்ற நிறத்தை அமுக்கிவிட. சோடியத்தின் மஞ்சள் அவ்வளவு முரட்டு வெளிச்சம். மரக்காணத்து உப்பளத்தில் வெள்ளை வெளேரென்று குவிந்து கிடக்கிற அந்த உப்புதான், சுடரில் பட்டால் யாரையும் பேசவிடாது. அதனால் மஞ்சள் ஷாட்டை வேறு எந்த மென்மையான நிறத்தோடும் சேர்க்காதே. ஊதாவோடு மட்டும் சேர்க்கலாம், அதுவும் இளமஞ்சளாக இருந்தால், ஊதா மேலே, மஞ்சள் கீழே. ஸ்ட்ரான்சியமும் தாமிரமும் சேர்ந்துதான் ஊதா. நீலத்தைப் போலவே அதுவும் இருட்டைக் கேட்கிற நிறம். கரும்பு வெட்டிய வயலுக்கு மேலே ஊதா மலர்ந்து அதன் அடியில் எலுமிச்சை நிறம் தூவினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்.

சிவப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது எங்கு வைத்தாலும் நிற்கும். வெள்ளி வாலோடு சேர்த்து விடு. அம்மன் திருவிழாவில் சிவப்பு இல்லாமல் முடியாது.

பச்சையில்தான் நீ விசாரிக்க வேண்டிய சங்கதி இருக்கிறது. பட்டாசில் பேரியம் உப்புகளைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 அக்டோபர் 23-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது; 2021-இல் அதை மறுபடியும் வலியுறுத்தியது. 2017-லேயே லித்தியம், ஆன்டிமனி, பாதரசம், ஆர்சனிக், ஈயம் இவற்றுக்குத் தடை வந்துவிட்டது. பேரியம் நைட்ரேட் பச்சை நிறத்துக்கு மட்டும் இல்லை, மத்தாப்பு, புஸ்வாணம் மாதிரியான வெள்ளி ரகங்கள் எரிவதற்கும் அதுதான் முதுகெலும்பாக இருந்தது. சிவகாசித் தொழிலையே அந்த உத்தரவு உலுக்கிவிட்டது. நாக்பூரில் இருக்கும் நீரி நிறுவனம் வகுத்துக் கொடுத்த பசுமைப் பட்டாசுகள் அதற்குப் பிறகு வந்தவை. பெட்டியில் அவர்களுடைய முத்திரையும் க்யூஆர் கோடும் இருக்கும். கடையில் நின்று ஸ்கேன் செய்து பார்த்து வாங்கு. பேரியத்தை எரித்து வருகிற புகையைச் சுவாசிக்கப்போவது முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் நம் வீட்டுக் குழந்தைகள். பச்சை மங்கலாக வந்தாலும் பரவாயில்லை. ஓர் இரவு பச்சையே இல்லாவிட்டாலும் அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

அடுத்து, எதை எந்த உயரத்தில் வைப்பது. வானத்தை மூன்று தட்டாகப் பிரித்துக்கொள். தரையில் பெரிய புஸ்வாணங்கள், ஆளுயரத்திலிருந்து பனைமர உயரம் வரை சிறிய ஷாட்டுகள், அதற்கு மேலே பெரிய ஷெல்கள். நாலு அங்குல ஷெல் நூறு மீட்டருக்கு மேல் போய் மலரும். அதெல்லாம் நீயும் நானும் தொடுகிற சாமான் இல்லை. லைசென்ஸ் உள்ள வாணக்காரர் வந்து குழாய் நட்டு அவரே விட வேண்டும். நீ வரிசையை எழுதிக் கொடு, திரியை அவர் கையில் விடு. மூன்று தட்டிலும் ஒரே நேரத்தில் வேலை நடக்கக் கூடாது. கண் ஓரிடத்தைத்தான் பார்க்கும். தரையில் பொன் புஸ்வாணம் பூக்கும்போது மேலே ஒரே ஒரு சிவப்பு எழும்பட்டும். மேலே வில்லோ இறங்கும்போது தரை இருட்டாகக் கிடக்கட்டும்.

கிராக்ளிங் என்கிறாயே, பொரி பொரிகிற சத்தத்தோடு மினுங்குவது, அதை நிறத்துக்குப் பின்னால் வை, கூட வைக்காதே. மினுக்கலும் அப்படித்தான். இந்த இரண்டும் நிறத்தைத் தின்றுவிடும். விசில் ரகம் எனக்குப் பிடிக்காது. பிள்ளைகளுக்காக ஒன்று வைத்துக்கொள், போதும்.

கடையிலிருந்து வாங்குகிற ஒவ்வொரு ரகத்திலும் ஒரு பெட்டியை முன்கூட்டியே ஒரு ராத்திரி விட்டுப் பார்க்க வேண்டும். பெட்டிப் படத்தை நம்பாதே. படத்தில் ஏழு நிறம் இருக்கும், மேலே போய் இரண்டுதான் வரும். செல்போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொண்டு, எத்தனை நொடி ஓடுகிறது, எந்த நிறம் முதலில் வருகிறது, கடைசி ஷாட் என்ன என்று ஒரு நோட்டில் எழுது. நீளமான காகிதத்தில் நொடிக்கணக்கில் கோடு போட்டு, அதன் மேல் ஒவ்வொன்றையும் வரிசைப்படுத்து. உன் மொத்த வேடிக்கையும் பன்னிரண்டு, பதினைந்து நிமிஷத்துக்கு மேல் போக வேண்டாம். அதில் கால்வாசி இருட்டாக இருக்கட்டும்.

பாட்டுக்கு ஏற்ற மாதிரி வெடிக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். யோசித்துப் பார். சத்தம் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும். வாணத்துக்குப் பக்கத்தில் நிற்பவனுக்கு வெடியும் வெளிச்சமும் ஒன்றாக வரும். கோயில் வாசலில் நிற்பவனுக்கு ஒரு நொடி கழித்து வரும். கூட்டு ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்பவனுக்கு இன்னும் தாமதம். தாளத்தோடு பொருத்த நினைத்தால் ஓரிடத்தில் நிற்பவர்களுக்கு மட்டுமே பொருந்தும். வாணம் விடும் நேரத்தில் மைக்செட்டை நிறுத்திவிடு. பம்பையும் உடுக்கையும் முன்னால் முடியட்டும், பிறகு சத்தமில்லாமல் ஒரு தங்க வில்லோ எழும்பட்டும். அதற்கு ஈடாக எந்தப் பாட்டையும் போட முடியாது. கோயில் சீரியல் செட்டையும் அந்தப் பதினைந்து நிமிஷம் அணைத்து வைக்கச் சொல். கூட்டம் நடக்கிற பாதையில் மட்டும் விளக்கு எரியட்டும்.

அதிர்வேட்டைக் குறைத்துவிடு என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம்; இரவு 10 மணிக்கு மேல் வெடி கூடாது என்பது 2005-லிருந்தே இருக்கிற உச்ச நீதிமன்ற உத்தரவு. சட்டத்தை விடு. நம் தெருவில் வீட்டுக்கு வீடு கறவை மாடு கட்டியிருக்கிறது. கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுகிற மாட்டை இருட்டில் யார் பிடிப்பது? சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுக்குடிப்பட்டி என்று ஓர் ஊர். பக்கத்து வேட்டங்குடி சரணாலயத்துக்கு வருகிற பறவைகளுக்காக அந்த ஊர் ஜனங்கள் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. அவர்கள் அளவுக்கு நம்மால் போக முடியாமல் இருக்கலாம். முதலில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று வைத்துக்கொள்ள நம்மால் முடியும்.

இனி காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அம்மி பறக்கிறதோ இல்லையோ, நெருப்புப் பொறி நிச்சயம் பறக்கும். பகலெல்லாம் மேல்காற்று அடிக்கும், பொழுது சாய்ந்த பிறகு சில நாள் புதுச்சேரிப் பக்கமிருந்து கடல்காற்று திரும்பும். எனவே விழாவுக்கு முன்னால் சில நாட்கள், வாணம் விடப்போகிற அதே நேரத்துக்கு, அதே இடத்தில் ஊதுபத்தியைக் கொளுத்தி நட்டுவைத்துப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார். ஜனங்கள் காற்று வருகிற பக்கம் உட்கார வேண்டும். புகை அவர்களை விட்டு விலகிப் போக வேண்டும். அப்போதுதான் அடுத்த நிறத்துக்கு வானம் சுத்தமாக இருக்கும். புகை போகிற பக்கத்தில்தான் பொறியும் போகும். அந்தப் பக்கத்தில் கூரை வீடு, வைக்கோல் போர், சோகை காய்ந்து நிற்கிற கரும்பு, இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த இடம் வேண்டாம். சோகையில் நெருப்பு விழுந்தால் என்ன ஆகும் என்று முண்டியம்பாக்கம் ஆலைக்குக் கரும்பு அனுப்புகிற உன் பெரியப்பாவைக் கேள். காற்று சுழன்று அடிக்கிற ராத்திரியாக இருந்தால் பெரிய ஷெல்லை விடவே வேண்டாம். கமிட்டியில் யார் சத்தம் போட்டாலும், நிறுத்துவது உன் முடிவு என்று இப்போதே சொல்லி ஒப்புதல் வாங்கி வைத்துக்கொள்.

உன் செய்தியின் கடைசி வரியைப் படித்து எனக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டு ஷாட்டைப் பிரித்து மருந்தை மாற்றிப் போட்டால் நாம் கேட்கிற நிறம் வருமா என்று கேட்டிருக்கிறாய். தம்பி, அதை மட்டும் கனவிலும் நினைக்காதே. ஷாட்டுக்குள்ளே நிறம் தருகிற சின்னச் சின்ன உருண்டைகளுக்குச் சிவகாசியில் மணி மருந்து என்று பெயர். உராய்வு பட்டால் போதும், பற்றிக்கொள்ளும். அந்த வேலைக்கென்றே பழகிய கைகள், தனித்தனி அறையில், இரும்பு படாமல் செய்கிறபோதே விபத்து நடக்கிறது. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் நாற்பது பேர் வரை போனார்கள். 2021 பிப்ரவரியில் சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள். அதில் பெண்கள் எத்தனை பேர், கூலிக்குப் போன இடத்தில்! 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து சிவகாசியில் தொடங்கிய பிறகு, அந்த வறண்ட பூமிக்குச் சோறு போட்டது தீப்பெட்டியும் அதன் பின்னால் வந்த பட்டாசும்தான். அதற்கு அந்த ஊர் கொடுத்த விலையும் நமக்குத் தெரியும். ஒரு தங்க வில்லோ நம் தலைக்கு மேல் இறங்குகிறபோது அது அந்தக் கைகள் உருட்டியது. அவர்கள் அடைத்துக் கொடுத்ததை அடைத்தபடியே விடுவதுதான் நாம் காட்டக்கூடிய மரியாதை. நிறத்தை மாற்ற வேண்டுமென்றால் லிஸ்டில் மாற்று.

சரக்கை ஒரே இடத்தில் குவிக்காதே. கேரளத்தில் பரவூர் புற்றிங்கல் தேவி கோயிலில் 2016 ஏப்ரல் 10 அதிகாலையில் நடந்தது உனக்குத் தெரியும். விட்டுக்கொண்டிருந்த வாணத்தின் பொறி, அடுக்கி வைத்திருந்த சரக்கில் விழுந்தது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதிகாரிகள் அனுமதி மறுத்த பிறகும் போட்டிக்காக நடத்திய வேடிக்கை அது. நீ போலீஸிலும் தீயணைப்பு நிலையத்திலும் எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒரு பெட்டியைக்கூட இறக்காதே. இறக்கியதைத் தார்ப்பாய் போட்டு மூடி, விடுகிற இடத்துக்குக் காற்று வருகிற பக்கத்தில், எட்டத்தில் வை. அடுத்து விடப்போவது மட்டும் முன்னால் வரட்டும். பக்கத்துத் தெருப் பிள்ளைகள் உன்னைவிட அதிகம் வெடிப்பார்கள் என்று யாராவது சீண்டினால் சிரித்துவிட்டுப் போ.

புதுச்சேரியில் ஜூலை 14-ஐ ஒட்டிப் பிரெஞ்சு தேசிய தினத்துக்குக் கடற்கரையில் வாணவேடிக்கை நடப்பதுண்டு. இந்த வருஷம் நடந்தால் ஒரு நண்பனோடு போய்ப் பார்த்துவிட்டு வா. வாணத்தைப் பார்க்காதே, வாணத்துக்கு நடுவே விடுகிற இடைவெளியைப் பார். கூட்டம் எப்போது மூச்சு விடுகிறது என்று கவனி.

உன் லிஸ்டை நான் இப்படித் திருத்தியிருக்கிறேன். தரையில் பொன் புஸ்வாணங்கள், பிறகு ஒற்றைத் தங்க வில்லோ. இருட்டு. நீலம், தனியாக, இரண்டு பக்கமும் எதுவும் இல்லாமல். அதற்குப் பின் வெள்ளி வால் வைத்த சிவப்பு, கொஞ்சம் கொஞ்சமாக எண்ணிக்கை கூடட்டும். மறுபடி இருட்டு. ஊதாவும் இளமஞ்சளும். அதற்குப் பிறகு பொரிகிறது, மினுக்குவது, பிள்ளைகளின் விசில் எல்லாம். நீ முதலில் வைத்திருந்த 240 ஷாட்டைக் கடைசிக்கு முந்தியதாக வைத்திருக்கிறேன். அப்போது எவ்வளவு வெள்ளையாக வெளிறினாலும் கேடில்லை. அதற்குப் பிறகு காப்பாற்ற வேண்டிய நிறம் எதுவும் மிச்சமில்லை. அதன் புகை விலகக் காத்திருந்து, மூன்று தங்க வில்லோவை ஒன்றாக ஏற்று. கிராக்ளிங் பெட்டி ஒன்று போதும். இன்னொன்றின் பணத்தில் வில்லோ வாங்கலாம். குறைகிறதை மாமா தருகிறேன், அம்மாவிடம் கேட்காதே.

எல்லாம் முடிந்ததும் அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டுத் தேரைப் பார்க்கக் கிளம்பிவிடக் கூடாது. வெடிக்காத ஷாட்டுக்கு மேல் குனியாதே, மறுபடி திரி வைக்காதே. வாணக்காரர் சொல்கிற நேரம் வரை யாரையும் கிட்டே விடாமல் இரண்டு பேர் காவல் இருங்கள். பிறகு பெட்டி எல்லாவற்றையும் தண்ணீரில் நனைத்துவிடுங்கள். பொழுது விடிந்ததும் முதல் ஆளாக நீயே போ. நம் ஊர்ச் சின்னப் பையன்கள் ஆறு மணிக்கெல்லாம் வெடிக்காத மருந்தைப் பொறுக்க வந்துவிடுவார்கள். அவர்களுக்கு முன்னால் வயலின் கடைசி வரப்பு வரை நடந்து பார்த்து, கிடப்பதை எல்லாம் தண்ணீர் வாளியில் போட்டு வாணக்காரரிடமே ஒப்படைத்துவிடு.

திருத்திய லிஸ்டை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு. நான் வியாழக்கிழமையே வந்துவிடுகிறேன். ஊதுபத்தியோடு நானும் உன்னுடன் நிற்கிறேன்.

அன்புடன்,
மாமா